டயட்டை விட்ட பிறகு கொழுப்பைத் தட்டில் சேர்ப்பது எப்படி?

தமிழில் "கொழுப்பு" என்ற ஒரே சொல்லை நாலு வேலைக்கு வைத்திருக்கிறோம். வாணலியில் ஊற்றும் எண்ணெயும் கொழுப்பு, இடுப்பில் தொங்கும் சதையும் கொழுப்பு, ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு, வாய்த்துடுக்கும் கொழுப்பு. மனசு இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால், தட்டில் விழும் எண்ணெய் நேரே இடுப்புக்கும் இதயத்துக்கும் போய்விடும் என்ற பயம் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் டயட் இருந்தவர்களுக்கு அது பயம் என்றுகூடத் தெரியாது. முட்டையை உடைத்ததும் மஞ்சள் கரு தானாகத் தொட்டிக்குப் போகும். காய்கறி தண்ணீர் தெளித்தே வதங்கும். கடையில் நூறு டப்பா இருந்தாலும் "கொழுப்பு இல்லாதது" என்று எழுதியதைத்தான் கை எடுக்கும்.

இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் உடைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கீழே சொல்லியிருப்பது ஆறு வாரம் எடுத்துச் செய்யும் வழி. வேண்டியதெல்லாம் 5 மில்லி அளவு ஸ்பூன் ஒன்றுதான். வீட்டு டீஸ்பூனை நம்பாதீர்கள். ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 மில்லி பிடிக்கும்.

அந்த ஸ்பூனைப் பற்றி ஒரு விஷயம் முன்கூட்டியே. டயட் காலத்தில் அது "இதற்கு மேல் போகாதே" என்று தடுக்க இருந்தது. இங்கே அது "இதற்குக் கீழே இறங்காதே" என்பதற்கு. கருவி அதேதான், வேலை தலைகீழ். இது மனதில் பதியாவிட்டால் மீதி எதைச் செய்தாலும் இன்னொரு டயட்டாகத்தான் முடியும்.

முதலில் டாக்டரிடம் பேச வேண்டியவர்கள்

பித்தப்பையில் கல் இருப்பவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) மிக அதிகமாக இருப்பவர்கள், பரம்பரையாக எல்டிஎல் கொலஸ்ட்ரால் (ரத்தக் குழாயில் படியும் "கெட்ட" வகை) அதிகம் உள்ள குடும்பத்தினர் ஆகியோருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஆர்லிஸ்டாட் என்ற எடைக்குறைப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். உணவிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அதை விழுங்கிக்கொண்டே கொழுப்பைக் கூட்டினால் உறிஞ்சப்படாத எண்ணெய் கழிவறையில்தான் வெளியேறும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. நாள்கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுப்பவர்கள், குறுகிய காலத்தில் எடை மிகவும் இறங்கியவர்கள், மூன்று மாதமாக மாதவிடாய் நின்றுபோன பெண்கள். இவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கடும் பட்டினிக்குப் பிறகு திடீரென்று சாப்பாட்டைக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். அதைக் கண்காணித்துக்கொண்டே சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், அது மருத்துவமனை வேலை.

பயம் எங்கிருந்து வந்தது

வேர் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. கலோரியைக் குறைக்க நினைப்பவருக்குக் கொழுப்பை வெட்டுவதுதான் குறுக்குவழியாகத் தெரியும். இதோடு இதயநோய்க் கவலையும் சேர்ந்தது. அமெரிக்காவில் 1977-ல் செனட் குழு ஒன்று கொழுப்பைக் குறைக்கச் சொன்னது, 1980-ல் அரசின் உணவு வழிகாட்டி அதையே வழிமொழிந்தது. அடுத்த இருபது வருஷம் கொழுப்பு நீக்கிய பிஸ்கட், தயிர், ஐஸ்கிரீம் எல்லாம் கடையை நிறைத்தன. கொழுப்பை எடுத்தால் ருசி போகும். அந்த இடத்தில் சர்க்கரையும் மாவும் வந்து உட்கார்ந்தன.

பிறகு வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை அவ்வளவாகத் தாங்கவில்லை. சுமார் 49,000 பெண்களைச் சராசரியாக எட்டு வருஷம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தக் கொழுப்பைக் குறைத்த குழுவில் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஸ்பெயினில் இதயநோய் அபாயம் உள்ள சுமார் 7,400 பேரிடம் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகவும், இன்னொரு குழுவுக்குத் தினம் 30 கிராம் கொட்டைகளும் கொடுத்தார்கள், கலோரிக் கட்டுப்பாடு வைக்கவில்லை. 2013-ல் வெளியிட்ட முடிவை, ஆட்களைக் குழு பிரித்த முறையில் குறை தெரிந்ததால் திரும்பப் பெற்று, 2018-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இரண்டு முறையும் மற்றவர்களைவிட எண்ணெய், கொட்டை சாப்பிட்ட குழுக்களில்தான் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக இருந்தன. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கும் அங்கே பதில் உண்டு: அவர்களுக்கு எடை ஏறவில்லை.

எவ்வளவு வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி, பெரியவர்களுக்கு மொத்தக் கலோரியில் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம் என்கிறது. நிறைவுற்ற கொழுப்பு (நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருப்பது) 10 சதவீதத்துக்குள், டிரான்ஸ் கொழுப்பு (பெரும்பாலும் தொழிற்சாலையில் எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உருவாவது) 1 சதவீதத்துக்குள். குறைந்தபட்சமும் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை: பெரியவர்களுக்கு 15 சதவீதம், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் 20 சதவீதம்.

ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுபவரை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 360 கலோரி, 9 ஆல் வகுத்தால் 40 கிராம். 30 சதவீதம் என்றால் 60 கிராம். இப்போது ஒரு "நல்ல" டயட் நாளைக் கூட்டிப் பாருங்கள்: கொழுப்பு நீக்கிய பால், முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த காய், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பழம், சோறு. 15 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். ஆக, குறையாக இருப்பது 25 கிராமுக்கு மேல். அதைத்தான் ஆறு வாரத்தில் நிரப்பப்போகிறோம்.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் கொஞ்சம்தான். எந்த எண்ணெயும் ஒரு டீஸ்பூன் 4.5 கிராம் கொழுப்பு, 40 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் அதைப்போல் மூன்று மடங்கு. ஒரு முழு முட்டையில் 5 கிராம். 12 பாதாமில் 7 கிராம் சொச்சம். வால்நட் பாதிகள் 14 இருந்தால் 18 கிராம். அவகாடோவில் நடுத்தரப் பழத்தின் பாதி 15 கிராம். வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன் 16 கிராம். இதற்கு மேல் பட்டியல் போட்டு ஒட்டிவைக்காதீர்கள். பட்டியல் ஒட்டுவது டயட்டின் பழக்கம்.

முதல் வாரம்: ஒரு வேளை, ஒரு டீஸ்பூன்

ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். மதியமாக இருந்தால் நல்லது. இரவில் ஆரம்பித்தால் வயிறு கனத்துத் தூக்கம் கெட்டு, "பார்த்தாயா, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்று மனசு உடனே தீர்ப்பு எழுதிவிடும்.

கேரட், பூசணி, கீரை, தக்காளி போன்ற நிறமுள்ள காய்கறி ஒன்றை வழக்கம்போலச் சமைத்துத் தட்டில் வையுங்கள். 5 மில்லி ஸ்பூனை விளிம்பு வரை நிரப்பி, எண்ணெயைக் காயின் மேல் ஊற்றிப் புரட்டுங்கள். வாணலியில் ஊற்றாமல் தட்டில் ஏன் ஊற்ற வேண்டும்? வாணலியில் ஊற்றினால் ஒரு பங்கு பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. பெரிய காரணம் அதுவல்ல. பயம் எண்ணெயைப் பார்ப்பதில் இருக்கிறது. பளபளப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால்தான் அது கரையும். ஒளித்து ஊற்றினால் உடம்புக்குக் கொழுப்பு கிடைக்கும், பயம் அப்படியே இருக்கும்.

நிறமுள்ள காய்கறியைச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கேரட்டின் ஆரஞ்சு நிறமான பீட்டா கரோட்டினும் அப்படித்தான். 2004-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வில், ஒரே காய்கறிக் கலவையைக் கொழுப்பில்லாமலும், 6 கிராம் எண்ணெயோடும், 28 கிராம் எண்ணெயோடும் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பில்லாமல் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் இந்த நிறச்சத்துகள் ஏறவே இல்லை என்று சொல்லலாம். வருஷக்கணக்கில் எண்ணெயில்லாமல் மென்ற கேரட்டில் பாதிப் பயன் வீணாய்ப் போயிருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்த வாரம் செய்யக் கூடாதது ஒன்று. எண்ணெய் ஊற்றினோமே என்று சோற்றில் ஒரு பிடி குறைக்காதீர்கள், மறுவேளையைத் தவிர்க்காதீர்கள், கூடுதலாக அரை மணி நடக்காதீர்கள். ஈடுகட்டும் பழக்கம் இருக்கிற வரை ஒவ்வொரு ஸ்பூனும் கடனாகத்தான் தெரியும்.

இரண்டாம் வாரம்: மஞ்சள் கரு திரும்பி வருகிறது

இன்னொரு வேளையிலும் ஒரு டீஸ்பூன் சேருங்கள். கூடவே ஒரு முழு முட்டை. இரண்டு முட்டை சாப்பிடுபவர்கள் முதலில் ஒன்றை முழுதாகவும் மற்றதை வெள்ளைக்கருவாகவும் சாப்பிடலாம், வாரக் கடைசியில் இரண்டையும் முழுதாக. முட்டையில் உள்ள கொழுப்பு, வைட்டமின் டி, கோலின் என்ற சத்து எல்லாம் கிட்டத்தட்ட முழுக்க அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலோருக்கு ரத்தத்தின் எல்டிஎல்லை ஏற்றுவதில் சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். நாளுக்கு 300 மில்லிகிராம் என்று அமெரிக்க வழிகாட்டி வைத்திருந்த வரம்பையும் 2015-ல் எடுத்துவிட்டார்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் கொழுப்பு நீக்கிய தயிரை விட்டுச் சாதாரணத் தயிர் ஒரு கப்புக்கு மாறலாம், அல்லது வறுத்து அரைத்த எள் ஒரு டேபிள்ஸ்பூனைச் சாப்பாட்டில் தூவலாம்.

மூன்றாம், நான்காம் வாரம்: கொட்டை, விதை, மீன்

மூன்றாம் வாரம் 15 கிராம் கொட்டை, நான்காம் வாரம் 30 கிராம். பாதாம் என்றால் 12-ல் ஆரம்பித்து 25 வரை. உப்பும் சர்க்கரைப் பூச்சும் இல்லாததாகப் பாருங்கள். வறுத்ததும் சரி, பச்சையும் சரி. வேர்க்கடலையை ஏழைக் கொட்டை என்று ஒதுக்காதீர்கள், கொழுப்பின் தரத்தில் அது பாதாமுக்குப் பெரிதாக இளைத்ததல்ல.

பாக்கெட்டிலிருந்து நேரே சாப்பிடாமல் கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டை மூடிவிட்டு உட்காருங்கள். கட்டுப்பாட்டுக்காகச் சொல்லவில்லை. பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டே இருப்பவருக்கு 30 கிராம் உள்ளே போனதா, வெறும் 8 கிராம்தானா என்று தெரிவதில்லை. டயட் பழகியவர்கள் எட்டிலேயே "நிறையச் சாப்பிட்டுவிட்டேன்" என்று எழுந்துவிடுவார்கள்.

கலோரிக் கணக்கு இன்னும் மண்டையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு தகவல். முழுப் பாதாமை எவ்வளவு மென்றாலும் அதன் செல்சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட எண்ணெயில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே வெளியேறுகிறது. 2012-ல் அளந்து பார்த்தபோது, சுமார் 170 கலோரி என்று கணக்கிட்டிருந்த 28 கிராம் பாதாமிலிருந்து உடம்புக்குக் கிடைத்தது 129 தான். லேபிள் எண்ணை வேதவாக்காகப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அரைத்து வெண்ணெயாக்கினால் செல்சுவர் உடைந்துவிடும், அப்போது லேபிள் எண்ணை ஒட்டியே கிடைக்கும்.

நம் உடம்பால் தயாரிக்க முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டு: லினோலெயிக், ஆல்பா லினோலெனிக். முதலாவது எண்ணெய்களிலும் கொட்டைகளிலும் தாராளம். இரண்டாவது ஒமேகா-3 வகை. நாளுக்கு ஆண்களுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த ஆளி விதையிலேயே அது கிடைத்துவிடும். முழு விதையாக விழுங்கினால் வந்த மாதிரியே வெளியே போகும், அதனால் பொடிப்பது கட்டாயம். மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு முறை மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற எண்ணெய்ச்சத்துள்ள மீன் சேர்த்தால் இபிஏ, டிஹெச்ஏ என்ற நேரடி ஒமேகா-3 கிடைக்கும். ஆளி விதையிலிருந்து உடம்பு இவற்றைத் தயாரிக்கும் அளவு மிகக் குறைவு.

ஐந்தாம், ஆறாம் வாரம்: எந்த எண்ணெய், எப்படிச் சமைப்பது

இப்போது எண்ணெய் வாணலிக்கு வரலாம். ஒரு ஆளுக்கு நாளுக்கு 4 டீஸ்பூன், அதாவது 18 கிராம். முட்டை 5, கொட்டை 15, பால் தயிரில் 7, தானியத்திலும் பருப்பிலும் இயல்பாக இருப்பது ஐந்தாறு கிராம். கூட்டினால் 50. மேலே போட்ட 40-60 கணக்குக்கு நடுவில் வந்து நிற்கிறீர்கள்.

ஒவ்வொரு எண்ணெயும் மூன்று வகைக் கொழுப்பின் கலவை: நிறைவுற்றது, ஒற்றை நிறைவுறாதது, பன்மை நிறைவுறாதது. எது ஓங்கி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஆலிவ் எண்ணெயில் சுமார் 73 சதவீதம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நல்லெண்ணெயில் ஒற்றையும் பன்மையும் ஏறக்குறையச் சரிபாதி. கடலை எண்ணெயில் ஒற்றை கொஞ்சம் தூக்கல். சூரியகாந்தியின் வழக்கமான வகையில் பன்மை நிறைவுறாதது அதிகம். வெண்ணெய், நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவை நிறைவுற்ற பக்கம். அதிலும் தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. இவற்றைத் தொடவே கூடாது என்பதில்லை. முதன்மை எண்ணெயாக நிறைவுறாத ஒன்றை வைத்துக்கொண்டு, இவற்றை ருசிக்கு அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று சேருங்கள். நிறைவுற்றதின் இடத்தில் நிறைவுறாதது வந்தால் எல்டிஎல் இறங்குகிறது. அதே இடத்தில் மைதாவும் சர்க்கரையும் வந்தால் இதயத்துக்கு லாபம் கிடைப்பதில்லை. கொழுப்பைக் குறைத்த காலம் முழுக்க நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

டயட் மோகம் வேஷம் மாற்றிக்கொண்டு வருவதையும் இங்கே சொல்ல வேண்டும். நேற்று கொழுப்பே விஷம் என்றது, இன்று காப்பியில் வெண்ணெயைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறது. கேட்டால் விதை எண்ணெய்தான் விஷமாம். ஒரு பொருளை விஷமாக்கி இன்னொன்றை அமிர்தமாக்கும் எந்தப் பேச்சையும் பழைய டயட்டின் தம்பி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே விலக்க வேண்டியது தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு. பாக்கெட்டின் பின்னால் "பகுதியளவு ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்" என்று இருந்தால் வைத்துவிடுங்கள். எல்டிஎல்லை ஏற்றி, "நல்ல" கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லை இறக்குவது அது. அமெரிக்கா 2018-ல் உணவு உற்பத்தியில் இதைச் சேர்ப்பதை நிறுத்தியது, இன்னும் நிறுத்தாத நாடுகளும் உண்டு.

சமைக்கும்போது எண்ணெய் புகைய ஆரம்பித்தால் சூடு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, வாணலியைத் துடைத்து, தணலைக் குறைத்து மறுபடி ஆரம்பியுங்கள். சுத்திகரித்த எண்ணெய் அதிக சூடு தாங்கும், செக்கு எண்ணெய் பொதுவாகக் கொஞ்சம் சீக்கிரம் புகையும். ஆளி விதை எண்ணெயை அடுப்பில் வைக்கவே கூடாது.

எண்ணெய் ஸ்பிரே டப்பா இன்னும் அலமாரியில் இருந்தால் அதன் லேபிளைப் படித்துப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாகக் கொழுப்பு இருந்தால் "0" என்று எழுதலாம். பரிமாறல் அளவைக் கால் விநாடிப் பீச்சலாக வைத்துவிட்டால் முழுக்க முழுக்க எண்ணெயான பொருளும் "கொழுப்பு 0" ஆகிவிடும். கால் விநாடி பீச்சி யாராலும் சமைக்க முடியாது.

சிக்கு வாடை

கொழுப்பை ஒதுக்கியே வாழ்ந்தவர் வீட்டில் இருக்கும் எண்ணெயும் கொட்டையும் பெரும்பாலும் பழசாக இருக்கும். வாங்கி வைத்து, பயந்து, மூடி வைத்தது. முதல் முறை சாப்பிட்டுக் குமட்டினால் கொழுப்பைக் குறை சொல்லும் முன் பொருளை முகர்ந்து பாருங்கள். ஒரு வால்நட்டை இரண்டாக உடைத்து மூக்கருகே வையுங்கள். நல்லதாக இருந்தால் மெல்லிய மர வாசனையும் கொஞ்சம் இனிப்பும் இருக்கும். காறிப்போயிருந்தால் மெழுகுக் கிரேயான் அல்லது பழைய பெயின்ட் வாடை அடிக்கும், நாக்கின் அடியில் கசப்பு நிற்கும். உள்பருப்பு வெளுத்த தந்த நிறத்திலிருந்து மஞ்சளுக்குப் போயிருக்கும். தூக்கிப் போடுங்கள்.

வெளிச்சம், சூடு, காற்று ஆகிய மூன்றும் எண்ணெயைக் கெடுப்பவை. பன்மை நிறைவுறாக் கொழுப்பு எதில் அதிகமோ அது முதலில் கெடும். வால்நட், பொடித்த ஆளி விதை, ஆளி எண்ணெய் ஆகியவை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். எண்ணெயை அடுப்புப் பக்கத்தில் வைக்காமல் இருட்டான அலமாரியில், ஒன்றிரண்டு மாதத்தில் தீரும் அளவு சிறிய புட்டியாக வாங்கி வையுங்கள்.

எங்கே சறுக்கும்

வயிறு உப்புசம், லேசான குமட்டல், சாப்பாடு நெடுநேரம் நெஞ்சிலேயே நிற்பது போன்ற உணர்வு. முதல் பத்து நாளில் இவை வரலாம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, குறைந்த கொழுப்புக்குப் பழகிய வயிற்றுக்கு அந்தத் தாமதம் புதிது. அதே அளவில் இன்னும் ஒரு வாரம் நில்லுங்கள், பின்னால் போக வேண்டாம். ஒரே வேளையில் மூன்று ஸ்பூன் ஊற்றாமல் மூன்று வேளைக்குப் பிரியுங்கள். பலருக்கு இதுவே போதும்.

சாப்பிட்டு ஒன்றிரண்டு மணியில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும் வலி வந்தால் விஷயம் வேறு. வேகமாக எடை இறக்கியவர்களுக்கும் மிகக் குறைந்த கொழுப்பில் இருந்தவர்களுக்கும் பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம். பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை விடுவதே கொழுப்பு குடலுக்கு வரும்போதுதான். வேலையில்லாமல் கிடந்தால் பித்தம் தேங்கிக் கெட்டிப்படுகிறது. இந்த வலிக்கும், வாரக்கணக்கில் வெளிறிய, எண்ணெய் மிதக்கிற, கடும் நாற்றமுள்ள மலத்துக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றைக்கே.

தராசு. ஆரம்ப நாள்களில் ஒரு கிலோ ஏறி இறங்கும், ஒன்றரைகூட ஆகலாம். சாப்பாடு கூடினால் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேரும், ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். குடலில் கிடக்கும் சாப்பாட்டின் எடை வேறு. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 4.5 கிராம். அது ராத்திரியோடு ராத்திரியாக 800 கிராம் சதையாக முடியாது, கணக்கே இடிக்கிறது. ஆறு வாரமும் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது உத்தமம்.

எல்லாவற்றிலும் பெரிய சறுக்கல் "கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன" என்பது. ஒரு ஸ்பூன் கூடிவிட்டது, நாள் பாழ், இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்று டப்பாவே காலியாகும். 1975-ல் இதை ஒரு சோதனையில் பார்த்தார்கள். முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் ஷேக்குக்குப் பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட் மனநிலை உள்ளவர்கள் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். விதி உடைந்ததும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. இதற்கு மருந்து விதியை இறுக்குவதில் இல்லை. மறுநாளும் அதே ஸ்பூன், அதே வேளை, குறைக்காமல்.

இரவில் கொட்டை டப்பாவைக் காலி செய்கிறவர்கள் தங்களுக்கு மன உறுதி இல்லை என்று நினைக்கிறார்கள். காலையும் மதியமும் என்ன சாப்பிட்டார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். 1944-45-ல் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்து வயிறு முட்டத் தின்றும் அடங்காதவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த 30 கிராம் கொட்டையைக் காலை 11 மணிக்கு நகர்த்திப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை

ஆரம்பிக்கும் முன் ஒரு லிப்பிட் பரிசோதனை (ரத்தத்தில் கொலஸ்ட்ரால், கொழுப்பு அளவுகளைப் பார்ப்பது), எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொன்று. எல்டிஎல் ஏறியிருந்தால் மொத்தக் கொழுப்பை வெட்டும் முன், எது சேர்ந்தது என்று பாருங்கள். தெரியாமலேயே நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். அவற்றைக் குறைத்து அதே அளவு நிறைவுறாத எண்ணெயால் நிரப்பிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், பரம்பரைக் காரணம் இருக்கலாம்.

ஸ்பூனை எப்போது உள்ளே வைப்பது

ஏழாம் வாரத்தில். மதியம் சாப்பிட்டால் மூன்று நான்கு மணி நேரம் பசி வராமல் இருப்பது, பக்கத்து வீட்டு விருந்துக்குப் போகும் முன் "எண்ணெய் எவ்வளவு ஊற்றியிருப்பார்கள்" என்ற யோசனை வராமல் இருப்பது ஆகியவை நேரம் வந்துவிட்டதற்கு அடையாளம். அன்றிலிருந்து கண்ணளவில் ஊற்றுங்கள்.

இரண்டு வாரம் போனதும் ஒரே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். வழக்கமாக வாணலியில் ஊற்றுவது போல ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அதை 5 மில்லி ஸ்பூனால் அளந்து பாருங்கள். பழைய டயட்காரர்களின் கை தெரியாமலேயே சுருங்கிக்கொண்டு வரும். நாலு ஸ்பூன் என்று நினைத்தது இரண்டரைதான் இருக்கும். அப்படி இருந்தால் கிண்ணத்தில் மீதி ஒன்றரையை ஊற்றி, அந்த மட்டம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, மொத்தத்தையும் வாணலியில் சாய்த்துவிட்டுச் சமையலைத் தொடருங்கள்.